மரக்கறிச் சோறும் மாம்பலத்துப் புத்தகக் கடையும்

நான் தமிழில் கேட்பேன். பட்டணத்தார் இங்கிலீஷில் பதில் சொல்வார்கள். சென்னைக்கு வந்து இத்தனை வருஷம் ஆகியும் இந்த வேடிக்கை தீரவில்லை. போன வாரம்கூட டிராம் கண்டக்டரிடம், "ஐயா, இது மவுண்ட் ரோட்டுக்குப் போகுமோ?" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எஸ், எஸ், சிட்" என்றார். பக்கத்தில் இருந்தவர் இரக்கத்தோடு, "சாருக்கு மலையாளமா?" என்று விசாரித்தார். யாழ்ப்பாணத்திலிருந்து இதை வாசிக்கிறவர்களே, சுத்தத் தமிழ் நம்மிடம்தான் இருக்கிறது என்று கூட்டத்துக்குக் கூட்டம் நெஞ்சை நிமிர்த்துகிறோமே, அந்தச் சுத்தத் தமிழுக்கு இங்கே கிடைத்திருக்கிற பெயர் மலையாளம்.

மவுண்ட் ரோட்டில் ஓர் அச்சகத்தில் எனக்குப் பிழை திருத்தும் வேலை. என்னோடு ஒரே மேசையில் இருந்து பிழை திருத்தியவர் அந்தோணி. சாந்தோம் கடற்கரைக் குப்பத்துக்காரர். தகப்பனார் இன்னமும் கட்டுமரத்தில் போகிறார். மகனோ ஓர் ஒற்று மிகுந்துவிட்டால் அன்று முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்திருப்பார். மத்தியானம் ஆனதும் எங்கள் மேசை பிரிந்துவிடும். தெருக்கோடி ஹோட்டலில் பிராமணர்களுக்கு உள்ளறை, என்னைப் போன்றவர்களுக்கு வெளியறை, அந்தோணிக்கு இரண்டும் இல்லை. "கொல்லப்பக்கமா நின்னா பொட்டலம் கட்டிக் குடுப்பாங்க சார், வாங்கிக்கினு வந்து துன்னுவேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். ஒரே கட்டுரையைத் திருத்துகிற இருவர் ஒரே கூரையின் கீழ் சோறு தின்ன வழியில்லை. அந்தக் கட்டுரை பெரும்பாலும் தேச ஒற்றுமையைப் பற்றியதாக இருக்கும்.

அப்படித்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. முன்னறையில் புத்தகம், பின்னறையில் மத்தியானச் சாப்பாடு, எல்லோருக்கும் ஒரே பந்தி. யாழ்ப்பாணத்தில் என் தகப்பனார் பள்ளிப் புத்தகத்தோடு சுருட்டும் விற்றவர். சுருட்டு வாங்க வந்தவன் இலக்கணம் வாங்கிப் போனதையும், இலக்கணம் வாங்க வந்தவன் சுருட்டோடு திரும்பியதையும் பார்த்து வளர்ந்தவன் நான். சோற்றுக்கும் அதே கணக்குத்தான் என்று நினைத்துவிட்டேன். சமையலுக்கு என் மனைவி தங்கம்மா முன்வந்தாள். மயிலாப்பூரில் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் இரண்டு அறை பார்த்துப் பேசி முடித்தேன். வீட்டுக்காரர் ராமசேஷய்யர், பென்ஷன் வாங்குகிற முன்சீப். புத்தகம் என்றதும் அவருக்குப் பரம சந்தோஷம். வாங்குவதில் அல்ல, இரவல் எடுப்பதில். சாப்பாடு என்றதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சமையல் யாரு?"

"என் மனைவி."

"அது சரி. அவா யாருன்னு கேக்கறேன்."

"என் மனைவிதான்" என்று மறுபடியும் சொன்னேன்.

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். ஜாதியைக் கேட்கிறார் என்று எனக்கு உறைக்க நேரம் பிடித்தது. ஊரில் நாங்கள் இதை இன்னும் நாசூக்காகக் கேட்போம்: எந்தக் கோயில், எந்தக் கிணறு என்று. நாங்கள் பிராமணர் இல்லை என்று தெரிந்தபின்னும் அவர் முகம் கோணவில்லை. "பார்ப்போம், பார்ப்போம்" என்று முடித்துக்கொண்டார். அந்தப் 'பார்ப்போ'மை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, அலமாரி அடித்தேன், பாத்திரம் வாங்கினேன், விளம்பரப் பலகைக்கும் சொல்லிவிட்டேன்.

பலகையில்தான் சனி பிடித்தது. 'புத்தகசாலை. மத்தியானம் மரக்கறிச் சோறு உண்டு' என்று எழுதிக் கொடுத்தேன். நம் ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும், மரக்கறி என்றால் கத்தரிக்காயும் வாழைக்காயும். இந்தப் பட்டணத்தில் கறி என்றால் ஆடும் கோழியும். பலகை எழுத வந்தவர் தலையைச் சொறிந்தார். "மரக்கறின்னா இன்னா சார்? புச்சா கீதே." காய்கறி என்று விளக்கிவிட்டு நான் வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் பலகை மாட்டியாகிவிட்டது. எழுத்து முத்து முத்தாக இருந்தது. மூலையில் சிவப்புக் கொண்டையோடு ஒரு சேவல் நின்றது. "சும்மா கறின்னு எய்தினா சனத்துக்குப் புரியாது சார். அதான் நம்ம கணக்குல ஒரு சேவலு போட்டேன்" என்றார். அதற்குக் கூலி வேண்டாம் என்றும் பெருந்தன்மையாகச் சொன்னார்.

கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பிய ராமசேஷய்யர் அந்தச் சேவலின் முன்னால்தான் நின்றார். அவருக்குப் பின்னால் தெருவே நின்றது. நான் ஏணி வைத்து ஏறித் துணியால் சேவலை மூடினேன். அது அதைவிட மோசம், அடியில் கால் இரண்டும் தெரிந்தன. கூட்டம் கலைந்தபின் ஐயர் என்னை உள்ளே கூப்பிட்டார்.

"எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை, பிள்ளைவாள். நான் கதர் கட்டறவன். தெருவுக்கு ஆட்சேபணை. ஒண்ணு செய்யும். பந்திக்கு நடுவுல தட்டி கட்டிடும். சமையலுக்கு ஒரு பாலக்காட்டு ஐயரைப் போட்டுடும். அலமாரி தூக்க வந்தானே உம்மோட சாந்தோம் பையன், அவன் வந்தா புஸ்தகத்தைக் குடுத்து அனுப்பிடும், உக்கார வைக்காதேயும்."

"புத்தகத்தை அவர் தொடலாமோ?"

"புஸ்தகத்துக்கு ஏது ஓய் தீட்டு?" என்றார் முன்சீப்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். தங்கம்மா அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கையை நிறுத்தாமல் அரிவாள்மணையில் கத்தரிக்காயை நறுக்கிக்கொண்டிருந்தாள். "இஞ்சேருங்கோ, எங்கட சந்திக் கடையிலை ஆருக்குச் சிரட்டையிலை தேத்தண்ணி குடுத்தவை எண்டு நினைவிருக்கோ? அப்ப ஒருத்தருக்கும் நோகேல்லை. இப்ப எங்களைத் தட்டிக்கு அங்காலை இருத்தப் பாத்தாப் பிறகு நோகுது" என்றாள். பிறகு, "தட்டி கட்டிற கடைக்கு நான் சமைக்க மாட்டன்" என்று முடித்துவிட்டாள்.

நான் அறைகளைத் திருப்பிக் கொடுத்தேன். அலமாரிகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றபோது அந்தோணிதான் வழி சொன்னார். "மாம்பலத்துல ஏரியத் தூத்து மனை போட்டுக்கினு கீறாங்க சார். அத்தினி பேரும் புச்சா வந்தவங்க. யாரு இன்னான்னு ஒருத்தனுக்கும் தெரியாது." போய்ப் பார்த்தோம். தியாகராய நகர் என்று பெயர் பெரிதாக இருந்தது. தெரு பாதி சேறு, பாதி செங்கல். தவளைகள் மட்டும் பழைய ஏரியை விட்டுக் கிளம்ப மறுத்தன. அங்கே ஒரு புது வீட்டின் முன்பக்கம் கிடைத்தது. பலகையில் சேவலைச் சுரண்டி, மரக்கறியைச் சுரண்டி, 'சைவச் சாப்பாடு' என்று எழுதினோம். மறுநாளே எதிர்வீட்டு நாமக்காரர் வந்து, "நாங்க வைஷ்ணவா ஆச்சே, இங்கே சாப்பிடலாமோ?" என்று கேட்டார். வெறும் 'சாப்பாடு' என்று மிச்சம் வைத்து மற்றதையும் சுரண்டினேன்.

கடை திறக்கிற நாளுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து என் அண்ணர் வந்தார். தலைமை வாத்தியார், நாலு சபைகளில் பேசுகிறவர். புத்தகங்களைத் தடவித் தடவிப் பார்த்து, "வடிவாய்ச் செய்திருக்கிறாய் தம்பி" என்று என் முதுகில் தட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மத்தியானம் பின்னறையில் இலை விழுந்தது. எதிர்வீட்டு நாமக்காரர், ரயில்வே குமாஸ்தாக்கள், அந்தோணி என்று பந்தி நிறைந்துகொண்டிருக்கையில் வாசலில் ஒரு ஜட்கா நின்றது. குடையை மடக்கிக்கொண்டு இறங்கியவர் ராமசேஷய்யர். தெருவை இரு பக்கமும் பார்த்தார். தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. நேரே உள்ளே போய் அந்தோணிக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, "கத்தரிக்காய் வாசனை வாசல் வரைக்கும் வரது, ஓய்" என்றார். அந்தோணி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். ஐயர் தம் தெருவை மயிலாப்பூரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

அண்ணர் மட்டும் முன்னறையிலேயே நின்றார். "ஆரார் இருக்கினம் எண்டு தெரியாமல் நான் எப்பிடி அந்தப் பந்தியிலை இருக்கிறது? எனக்கு ஒண்டுமில்லை தம்பி. ஊரிலை என்ன சொல்லுவினம்?" கடலைத் தாண்டி வரும்போதும் அவர் ஊரைப் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

தங்கம்மா புத்தக அலமாரிக்கு முன்னால் அவருக்கு ஓர் இலை போட்டாள். அவர் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். "பந்தியிலை உங்களுக்கும் இலை போட்டிருக்கு" என்று என்னிடம் சொன்னாள். நான் அண்ணரின் முதுகைப் பார்த்தேன். பிறகு போய் அந்தோணிக்கு எதிரே உட்கார்ந்தேன்.

ரசம் வந்தது. முன்னறையிலிருந்து அண்ணர் திரும்பாமலே குரல் கொடுத்தார்: "பிள்ளை, இது எங்கட ஊர் ரசம் இல்லையே?" அதே நேரம் அந்தோணி உள்ளங்கையில் வாங்கிக் குடித்துவிட்டு, "இன்னா சார், இது நம்ம ஊரு ரசம் மாதிரி இல்லியே" என்றார். தங்கம்மா அகப்பையோடு இரண்டு அறைக்கும் நடுவில் நின்றாள். இரண்டு பேரும் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார்கள். நானும் என் இலையில் ஓடியதை வழித்துக் குடித்தேன். எந்த ஊர் ரசம் என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை.