பயறு வைத்த வரைபடம்

டிரேசிங் துணியில் நான் வரைந்த சேலம் நகர வரைபடம் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. தெருக்கள் கறுப்பு மையில், ஓடைகள் நீலத்தில். அதன்மேல் பென்சிலால் போட்ட சின்னச் சின்ன வட்டங்கள் மட்டும் நான் போட்டவை அல்ல. அவை நர்ஸம்மாவின் கைவேலை. நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு உண்டு என்பதால் அவை எப்போது விழுந்தன என்று சொல்ல முடியும். இரண்டாம் உலகப் போர் தொடங்கிய பின் வந்த இரண்டாவது ஐப்பசியில், ஒரு வியாழக்கிழமை, பள்ளிக்கூடம் விட்ட பிறகு. தேதி எழுதிய இடத்தைப் பூச்சி அரித்துவிட்டது. ஊகித்து நிரப்ப எனக்கு மனம் வரவில்லை.

அப்போது நான் ஓர் உயர்நிலைப் பள்ளியில் டிராயிங் மாஸ்டர். நர்ஸம்மா ஊருக்குள் வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்த்தவர். நாற்பது வயது இருக்கும். வெள்ளைச் சேலை, ஆண்கள் பிடிக்கும் பெரிய கறுப்புக் குடை, வேகமான நடை. நாமக்கல் பக்கம் மானாவாரிக் காடுகள் காய்ந்துபோய், பிழைப்புத் தேடிக் குடும்பங்கள் சேலத்துக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. பகலில் மூட்டை தூக்கினார்கள், வண்டி தள்ளினார்கள், சாயப்பட்டறையில் தண்ணீர் சுமந்தார்கள். இருட்டினால் கடை வாசல்களில் படுத்தார்கள். அவர்களுக்குத் தங்குமிடம் வேண்டும் என்று வியாபாரிகள் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். விடாமல் நச்சரித்து அதை அமைக்க வைத்தவர் நர்ஸம்மாதான். ஒரு புண்ணியவான் கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலைப்பாதை தொடங்கும் அடிவாரத்தில், நிலம் கொடுத்தார். நல்ல கிணறு, நல்ல காற்று. நீளமாக நான்கு ஓலைக் கொட்டகைகள் எழுந்தன. இடத்தைக் குறித்துக் கொடுத்தவன் நான். என் வரைபடத்தில் அது செவ்வாய்ப்பேட்டை மண்டித் தெருவிலிருந்து ஒரு சாண் தூரம்கூட இல்லை.

கொட்டகைகள் காலியாகவே கிடந்தன. ஒரு மாதம் பார்த்துவிட்டு, “இவங்களுக்குத் தெருவே சொகமா இருக்குதுங்க, நாம என்ன பண்றது?” என்று குழுவில் பேசிக்கொண்டார்கள். ஓலையையும் மூங்கிலையும் விற்றுவிட்டுக் குழுவைக் கலைத்துவிடலாம் என்ற யோசனையும் வந்தது. நர்ஸம்மாவுக்கோ அந்தக் கொட்டகைகள்மேல் அவ்வளவு நம்பிக்கை. எருமப்பட்டியிலிருந்து வந்த ஒரு கர்ப்பிணிப் பெண், ஒரு பருப்பு மண்டியின் வாசல்படியில் புருஷனோடு படுத்திருந்தாள். ஏழாம் மாதம். மழைக்காலம் தொடங்கிவிட்டது. நர்ஸம்மா நாலு நாள் வாதாடி, இருவரையும் தாமே வண்டி வைத்து அடிவாரத்துக்கு அனுப்பினார்.

ஒரே வாரத்தில் அவர்கள் திரும்பி வந்தார்கள். வாசல்படியில் வேறொரு குடும்பம் படுத்திருந்தது. மண்டித் தெருவின் வழக்கம் அப்போதுதான் நர்ஸம்மாவுக்கு விளங்கியது. எந்தக் கடையின் படியில் ஒருவன் படுக்கிறானோ, அந்தக் கடைக்கு விடியுமுன் வரும் வண்டியின் முதல் மூட்டை அவனுக்கு. கடைக்குக் காவலும் அவனே. யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் அதை மீறி யாரும் மூட்டை தொட முடியாது. அடிவாரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் நடந்து வருவதற்குள் வண்டிகள் காலியாகியிருந்தன. படியை விட்டவன் வேலையையும் விட்டான். அந்தப் பெண் நர்ஸம்மாவைத் திட்டவில்லை. “நீங்க நல்லதுக்குத்தானுங்க சொன்னீங்க. எங்க நேரம்” என்று மட்டும் சொன்னாளாம். திட்டியிருந்தால் தேவலை என்று நர்ஸம்மா என்னிடம் சொன்னார்.

அதன்பிறகு பதினைந்து நாள், வெளுக்கும் நேரத்தில் அவர் ஊர் முழுக்க நடந்தார். செவ்வாய்ப்பேட்டை, குகை, அம்மாபேட்டை, சூரமங்கலம் ரயிலடி. யார் எங்கே படுத்து எழுகிறார்கள், எந்த வேலைக்குப் போகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே போனார். அந்த வியாழக்கிழமைதான் என் வகுப்பறைக்குள் வந்து, “வாத்தியாரே, உங்க ஊர்ப்படத்தைக் கொஞ்சம் விரிங்க” என்றார். மடியிலிருந்து ஒரு சுருக்குப்பையை எடுத்து, தட்டைப்பயறை ஒவ்வொன்றாக வைக்கத் தொடங்கினார். ஓர் ஆளுக்கு ஒரு பயறு. வைத்த இடத்தைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம். மண்டித் தெருவில் வைக்க இடம் போதவில்லை. ரயிலடியில் ஒரு குவியல், குகையில் ஒரு குவியல், அம்மாபேட்டையில் ஒரு குவியல். வடக்கே அடிவாரத்தில் ஒன்றுகூட இல்லை. நான் பத்து வருஷமாக வரைந்த ஊர் அது. அந்த ஊரில் யார் இருக்கிறார்கள் என்று அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு காலை குழு கூடியது. தலைவர் மண்டித் தெருவில் பருப்பு வியாபாரம் செய்தவர். எருமப்பட்டிக் குடும்பம் படுத்திருந்தது அவர் கடைப் படியில்தான். நர்ஸம்மா படத்தை விரித்து மறுபடியும் பயறு வைக்க ஆரம்பித்ததும் ஒருவர் சிரித்தார்.

“ஏனுங் நர்ஸம்மா, பல்லாங்குழி ஆட வந்தீங்களா?”

தலைவர் ஒரு பயறை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தார். “சரக்கு நம்ம மண்டிது மாதிரி இருக்குதுங்களே.”

“உங்க மண்டிதானுங்க. வாசல்ல சிந்திக் கெடந்துச்சு, பொறுக்கினேன். பக்கத்துல ஆளுகளும் கெடந்தாங்க.”

பிறகு அவர் உட்காராமலே பேசினார். “அடிவாரத்துக்குப் போகச் சொன்னது நாந்தானுங்க. தப்பு என்னுது. ஒரு புள்ளத்தாச்சியோட பொழப்பக் கெடுத்துட்டேன். கொட்டகையப் பிரிங்க, வேண்டாங்கல. ஆனா விக்காதீங்க. நாலாப் பிரிச்சு, இந்தப் பயறு கெடக்கற நாலு எடத்துல போடுங்க.”

உடனே எல்லோரும் ஒரே குரலில் பேசினார்கள். கொட்டகை வேண்டும், ஆனால் எங்கள் தெருவில் வேண்டாம். அசுத்தம் வரும், திருட்டு வரும். நர்ஸம்மா குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார்.

“இப்பவும் அவங்க உங்க தெருவுலதானுங்க இருக்காங்க. உங்க கடையக் காவல் காக்கறதே அவங்கதான். கூரை ஒண்ணுதானுங்க இல்ல.”

 தலைவர் படத்தின்மேல் குனிந்து, மண்டித் தெருவில் கிடந்த பயறுகளை விரலால் எண்ணினார். கடைசியில், தம் மண்டிக்குப் பின்னால் வண்டிகள் அவிழ்த்துவிடும் காலியிடத்தைக் கொடுப்பதாகச் சொன்னார். தலைவர் கொடுத்த பிறகு மற்றவர்கள் எப்படிக் கொடுக்காமல் இருப்பது? ரயிலடியிலும் குகையிலும் அம்மாபேட்டையிலும் இடம் கிடைத்தது. அடிவாரத்து ஓலையும் மூங்கிலும் மாட்டுவண்டிகளில் ஊருக்குள் வந்தன.

பறிபோன படியை வாங்கித் தரும்படி நர்ஸம்மா கேட்கவில்லை. அங்கே வந்து படுத்தவனும் வீடற்றவன்தானே. அதற்குப் பதிலாக ஆட்களையே உட்கார வைத்துப் பேசி, கொட்டகையில் தங்குகிறவர்களுக்கு முறை வைத்து முதல் மூட்டை என்று முடிவு செய்ய வைத்தார். தலைவரும் சம்மதித்தார். பல நூல்களில் பல ஊர்களின் நிர்வாகத்தைப் பற்றிப் படித்திருக்கிறேன். ஒரு தனிமனுஷி, தம் தவற்றைச் சபையில் ஒப்புக்கொண்டு, அந்தத் தவற்றையே ஓர் ஊரின் ஏற்பாடாகத் திருத்தியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நான் பிறந்த ஊரில் அது நடந்தது என்பதில் எனக்கு இன்றும் பெருமை. இப்போதும் வீடற்றவர்களுக்குக் கட்டடம் திறக்கிறார்கள் என்று செய்தி வந்தால், எத்தனை பேர் தங்கலாம் என்பதைவிட எங்கே கட்டியிருக்கிறார்கள் என்றே முதலில் தேடுகிறேன். பல சமயம் அது பஸ் போகாத இடமாக இருக்கிறது.

மார்கழி பிறந்து சில நாள் ஆகியிருந்தது. மண்டிக்குப் பின்னால் எழுந்த கொட்டகையின் ஒரு மூலையில் சாக்குத் திரை கட்டித் தரச் சொல்லி நர்ஸம்மா ஆள் அனுப்பியிருந்ததால், விடியற்காலையில் நான் அங்கே போனேன். நான் கட்டி முடிப்பதற்குள், அங்கே தங்கியிருந்த எருமப்பட்டிப் பெண்ணுக்கு வலி கண்டுவிட்டது. அன்று முதல் மூட்டை அவள் புருஷனுடைய முறை. வெளியே வண்டி வந்து நின்று, பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அவன் திரையைப் பார்க்கிறான், தெருவைப் பார்க்கிறான், நகரவில்லை.

உள்ளேயிருந்து நர்ஸம்மா சத்தம் போட்டார். “போ சாமி. இதா இருக்கற மண்டிதான. தூக்கிப் போட்டுட்டு வா.”

அவன் ஓடினான். அவன் போன கொஞ்ச நேரத்தில் குழந்தை அழுதது. முதுகெல்லாம் பருப்புத் தூசியோடு அவன் திரும்பி வந்தான். நர்ஸம்மா திரையை விலக்கிப் பெண் குழந்தையைக் காட்டினார். கையைத் துண்டில் துடைத்தான், ஆனாலும் தொடவில்லை. குனிந்து நன்றாகப் பார்த்தான்.

“வாரேனுங்க” என்று சொல்லிவிட்டு, இரண்டாவது மூட்டைக்குப் போனான்.