விளக்கு இறங்காத குழி

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. ஐந்து நாள் மழை ஓய்ந்த திங்கட்கிழமை காலை, ஏரிக்கரையில் கட்டிக் கிடந்த மோட்டார் படகின் தார்ப்பாயை டிரைவர் பாய் அவிழ்த்தார்.
2. படகின் அடியில் தேங்கியிருந்த தண்ணீரைக் கைப்பம்பால் இறைத்தார். நூற்று நாற்பது இழுப்பு. கடைசியில் வந்த தண்ணீரில் மயில்கழுத்து நிறம் மிதந்தது.
3. இன்ஜினைச் சுற்றினார். கிளம்பவில்லை.
4. இன்ஜினைச் சுற்றியிருந்த தரைப்பலகைகளைத் தூக்கினார்; அடியில் குழி.
5. கரைக்குப் போய் அரிக்கேன் விளக்கை ஏற்றி, கயிற்றில் கட்டிக்கொண்டு படகை நோக்கி நடைபலகையில் ஏறினார்.
6. விளக்கோடு கரைக்குத் திரும்பச் சொன்னேன்.

ஆறாவது நடக்காமல் போயிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

அந்தப் படகு, ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஷாப்பு வைத்திருந்த முதலாளி ஒருவருடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் வாத்து சுடுவதற்காக மெட்ராஸிலிருந்து வாங்கியது. மழைக்காலத்தில் ஏரி நிரம்பி, அக்கரை ஊர்களுக்குப் போகும் வண்டிப்பாதை முழுகிவிடும். அந்த மாதங்களில் திங்களும் வியாழனும் படகை எங்கள் டிஸ்பென்சரிக்குக் கொடுத்தார். நான் மருந்துப் பெட்டியோடு போகும் கம்பவுண்டர். வேலூரில் படித்து முடித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என்னோடு நர்சக்கா வருவார்.

டிரைவர் பாய் முதலாளியின் ஆள். பன்னிரண்டு வருஷம் சுண்ணாம்புக் குழியில் நின்று தோல் புரட்டியவர். பிறகு ஷாப்பிலேயே எண்ணெய் இன்ஜின் ஓட்டக் கற்றுக்கொண்டு, அங்கிருந்து படகுக்கு வந்தார். சுண்ணாம்பு தின்ற விரல் நுனிகளில் படகுக்கு வந்த பிறகுதான் தோல் மூடியது; அதை நர்சக்காவிடம் நீட்டி நீட்டிக் காட்டுவார். படகு ஒழுங்காக ஓடாவிட்டால் டிரைவர் பழையபடி குழிக்கே போகலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். வாரம் ஒரு முறை படகைப் பற்றி நான் எழுதும் குறிப்பு, டிஸ்பென்சரி டாக்டரம்மா கையெழுத்தோடு முதலாளிக்குத்தான் போகும்.

அன்று பலகை தூக்கியதும் என் மூக்கில் பெட்ரோல் ஏறியது. உண்மையில் அதற்கு முன்பே, தார்ப்பாய் அவிழ்ந்தபோதே, லேசாக வந்தது. நான் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவரிடம் "நாத்தம் வருதா?" என்று கேட்க மாட்டோம். தோல் ஷாப்பில் வேலை செய்கிறவரிடம் அது அவருடைய சோற்றைக் குறை சொல்வது மாதிரி. அப்படியே கேட்டாலும், "இன்னா நாத்தம், ஒண்ணும் இல்லியே" என்றுதான் பதில் வரும். என் அப்பாவும் ஆம்பூரில் ஷாப்பு வேலைதான். வேலூரில் நான் துணிப்பெட்டியைத் திறந்ததும் விடுதிப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்ட நாளிலிருந்து, அந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்டதில்லை.

அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தேன். விளக்கைப் பார்த்த பிறகுதான் வாய் திறந்தது.

"வெளக்கோட அப்படியே கரைக்குத் திரும்பிப் போங்க பாய்."

அவர் நடைபலகை நடுவில் நின்றார். "குழில காத்து கெட்டுப் போச்சான்னு பாக்க வேணாமா? தல வுட்டு நட்ட முறுக்கணும். வெளக்கு அணைஞ்சா எறங்கக் கூடாது, அணையலன்னா எறங்கலாம்."

"இது அந்தக் குழி இல்ல. போங்க, வந்து சொல்றேன்."

"சொல்றத கேளு பாய்," என்றார் நர்சக்கா. "இவ மொகம் இப்படி வெளுத்து நான் பாத்ததில்ல. ஆபரேஷன்ல கூட சிரிச்சிக்கினு நிப்பா."

அவர் திரும்பிப் போனார். நானும் நர்சக்காவும் இறங்கி, விளக்கைப் படகிலிருந்து வெகுதூரத்தில், காற்று போகும் திசைக்கு எதிர்ப்பக்கம் வைக்கச் செய்தோம்.

பாய் செய்தது முட்டாள்தனம் இல்லை. ஷாப்பில் வெகுநாள் மூடிக் கிடந்த குழியில் ஆளை இறக்கும் முன் விளக்கை இறக்குவார்கள். சுடர் அணைந்தால் உள்ளே மூச்சு விடக் காற்று இல்லை. பல பேரைக் காப்பாற்றிய வழக்கம். பெட்ரோல் ஆவி நிற்கும் குழியில் அதே வழக்கம் படகையே கொளுத்திவிடும்.

வாயால் சொல்லிப் புரியவைக்க எனக்கு வராது. மயக்க மருந்தான ஈதரைப் பற்றி வேலூரில் எனக்கு எப்படிக் காட்டினார்களோ அப்படியே காட்டினேன். விளக்கு வைத்த இடத்திலேயே, கரையில் கிடந்த தகரத்தை நீளவாக்கில் மடித்து வாய்க்கால் மாதிரி ஆக்கி, கல் முட்டுக் கொடுத்துச் சாய்த்து வைத்தேன். கீழ்முனையில் ஏற்றிய மெழுகுவர்த்தி. மேல்முனையில், படகுக்கு வைத்திருந்த டப்பாவிலிருந்து நாலு சொட்டு பெட்ரோல் விட்ட பஞ்சை இடுக்கியால் வைத்துவிட்டு விலகினேன்.

கொஞ்ச நேரம் எதுவும் இல்லை.

"காத்து அடிக்குது, அணைஞ்சிடும் பாரு," என்றார் நர்சக்கா.

மெழுகுவர்த்திச் சுடர் ஒரு முறை வீங்கியது. பிறகு நீல நெருப்பு தகரத்தின் வழியே மேலே ஓடிப் பஞ்சைப் பிடித்துக்கொண்டது.

பாய் குந்தி உட்கார்ந்து தகரத்தையே பார்த்தார். "மேலருந்து கீழ தண்ணி மாதிரி வந்துகீது. கண்ணுக்குத்தான் தெரியல."

"ஆமா. தண்ணி மாதிரி பள்ளத்துல போய் நிக்கும்."

"போன மாசம் மூணு வாட்டி எறக்கினேன், இதே வெளக்க," என்றார். அப்போது பெட்ரோல் குழாய் ஒழுகியிருக்காது.

அங்கே நிறுத்தியிருக்கலாம். எனக்கு வேறொன்று தெரிய வேண்டியிருந்தது. அவ்வளவு வாடை அவருக்கு ஏன் எட்டவில்லை? பெட்டியைத் திறந்து, கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொரு குப்பியாக மூக்கருகே காட்டினேன். கிராம்புத் தைலம்: "வருது." கற்பூரம்: "வருது." அம்மோனியா: தலையை வெடுக்கென்று பின்னால் இழுத்து, கண்ணில் நீரோடு, "நல்லா வருது." கடைசியாக வெறும் தண்ணீர்.

"லேசா வருதுங்க," என்றார்.

நர்சக்கா என்னைப் பார்த்தார். அம்மோனியா கண்ணையும் தொண்டையையும் குத்தும். அதற்கு மூக்கு வேண்டாம்.

"எத்தன வருஷமா பாய்?" என்று கேட்டேன்.

அவர் கண்ணைத் திறந்தார். "குழில இருக்கும்போதே பூட்ச்சி. ஊட்ல பிரியாணி தீய்ஞ்சாலும் தெரியாது. இந்த விஷயம் பொண்டாட்டிக்கு மட்டுந்தான் தெரியும்." பிறகு, "அத்த எழுதிடாதீங்க கம்பவுண்டரம்மா. எழுதினா மறுபடி குழிதான்," என்றார்.

முதலில் படகைச் சுத்தம் செய்தோம். ஈரக் கோணியை விசிறிக் குழிக்குள் காற்றைத் தள்ளுவது அவருக்குத் தெரிந்த வேலை. கோணியை நனைத்துக்கொண்டே சட்டென்று கேட்டார்: "தண்ணி மாதிரின்னீங்களே, அப்ப அத்தயும் பம்புல இறைக்கலாமா?"

எனக்கு அது தோன்றவே இல்லை. பம்பின் உறிஞ்சும் குழாயை வெறும் அடிப்பள்ளத்தில் விட்டு, வெளிக்குழாயைப் படகுக்கு வெளியே, காற்று போகும் பக்கம் தொங்கவிட்டோம். அவர் இழுத்தார். நான் குழாய் வாயில் முகர்ந்தேன். அடர்ந்த பெட்ரோல். அறுபது இழுப்பில் குறைந்தது. இருநூறில் ஏரியின் பாசி வாடை மட்டும் வந்தது. பலகைகளை மூடாமல், கோணி விசிறிக்கொண்டு இன்னும் அரைமணி காத்திருந்தோம். அதன் பிறகு அவர் குழாயின் தளர்ந்த நட்டை முறுக்கினார். இரண்டாவது சுற்றில் இன்ஜின் பிடித்தது.

அக்கரைக்குப் போகும்போது குறிப்பை எழுதினேன். முதலில் அவருடைய மூக்கைப் பற்றி ஒரு வரி எழுதி, அடித்தேன். அடித்ததும் தப்பாகப் பட்டது. மறைத்தால் நாளைக்கு யாராவது அவர் மூக்கை நம்பி இன்ஜினைச் சுற்றுவார்கள். கடைசியில் எழுதியது இது: பலகை திறப்பது, தண்ணீர் இறைப்பது, ஆவி இறைப்பது, கோணி விசிறுவது, அரைமணி காத்திருப்பது, படகில் எந்த நெருப்பும் கூடாது. இவற்றோடு, "பெட்ரோல் வாடை இல்லை என்று டிரைவர் சொல்வதை வைத்து இன்ஜின் சுற்றக் கூடாது. வேறொருவர் முகர்ந்து சொல்ல வேண்டும். திங்கள், வியாழன் அது கம்பவுண்டர் வேலை."

இன்ஜின் சத்தத்துக்கு மேலே இரண்டு தரம் படித்துக் காட்டினேன்.

"பொய் ஒண்ணும் இல்லியே?" என்றார் பாய்.

"பொய்யும் இல்ல, நெசமும் ஜாஸ்தி இல்ல," என்றார் நர்சக்கா.

திரும்பி வந்ததும் டாக்டரம்மா அந்த வரியில் விரலை வைத்து ஏன் என்று கேட்டார். பன்னிரண்டு வருஷச் சுண்ணாம்பைச் சொன்னேன். ஆவியை இறைக்கும் யோசனை யாருடையது என்றும் சொன்னேன். அந்த யோசனை பாயுடையது என்பதையும் எழுதச் சொல்லி, எழுதிய பிறகு கையெழுத்துப் போட்டார். டாக்டரம்மாவிடம் மூக்கைப் பற்றிச் சொன்னதற்காக ஒரு வாரம் பாய் எங்களோடு சரியாகப் பேசவில்லை. பிறகு முதலாளியிடமிருந்து ஒரே வரி வந்தது: மழைக்காலம் முடியும்வரை இப்படியே நடக்கட்டும்.

இப்போது நிலைமை இதுதான். பாய் படகில் இருக்கிறார். பங்குனியில் ஏரி வற்றிய பிறகு அவர் எங்கே இருப்பார் என்று முதலாளி சொல்லவில்லை. திங்களும் வியாழனும் நான் முகர்கிறேன். முதலாளி வாத்து சுடப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் பாயின் மனைவி கரைக்கு வந்து முகர்ந்துவிட்டுப் போகிறார். அரிக்கேன் விளக்கு டிஸ்பென்சரி அலமாரியில் இருக்கிறது.