விரிக்காத பாய்

இது இட்டுக்கட்டிய கதை இல்லை. தேதியோடு சொல்கிறேன். 1942, மே எட்டு, வெள்ளிக்கிழமை. திருச்சி பாலக்கரை. பில்லி, சூனியம், ஏவல் என்று யாராவது வாயைத் திறந்தாலே 'போய் வேலையைப் பாருங்க' என்று எழுந்து போகிறவள் வஹீதா. அப்படிப்பட்டவள் வீட்டில்தான் இது நடந்தது.

அவள் கணவன் மீரான் ரங்கூனில் ஒரு ஜவுளிக் கடையில் இருந்தான். அங்கே குண்டு விழுந்த நாளிலிருந்து கடிதம் இல்லை. கடிதம் நின்று ஐந்தாவது மாதம் நடந்தது. பர்மாவிலிருந்து ஜனங்கள் காடும் மலையுமாக நடந்தே வருகிறார்கள் என்று பேச்சு. ஊர் வாய் சும்மா இருக்குமா? 'தாலிக் கருகமணியைக் கழட்டிடேன்' என்று கூடப்பிறந்த அண்ணனே சொன்னான். வஹீதா கழற்றவில்லை. மீரான் வந்தால் படுக்க ஒரு புதுக் கோரைப்பாய் வாங்கி, சுருட்டி மூலையில் சாத்தி வைத்திருந்தாள். அதில் யாரையும் உட்காரக்கூட விடமாட்டாள்.

மாமியார் ரோஷன் பேகத்துக்குத்தான் பொறுக்கவில்லை. மை போட்டுப் பார்க்கும் குத்புதீனை வரவழைத்தாள். ஸ்ரீரங்கத்திலிருந்துகூட ஆற்றைத் தாண்டி ஆட்கள் அவரிடம் வருவார்களாம். ஆண்கள் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார்கள். மணி பன்னிரண்டே முக்கால். வாசல் கதவைத் தாழ் போட்டார்கள்.

தலைப்பிள்ளை சுமக்கிறவள் கண்ணுக்குத்தான் மையில் தெரியுமாம். மீரானின் தங்கை ஜஹானாராவுக்கு ஏழாம் மாதம். அவள் உள்ளங்கையில் வெற்றிலையை வைத்து, அதில் மையைத் தடவினார் குத்புதீன். மைக்குள் முதலில் ஒருவன் வந்து பெருக்குவான். அடுத்தவன் தண்ணீர் தெளிப்பான். மூன்றாமவன் விரிப்பு விரிப்பான். அதில் ஜின்களின் ராஜா வந்து உட்கார்ந்து பதில் சொல்வார். இதுதான் வரிசை. வஹீதாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் கை கருகமணியை விடவில்லை.

"பெருக்குறவன் வந்தானா?"

"வந்துட்டான். மெலிஞ்ச ஆளு. இடது காது பாதிதான் இருக்கு..."

குத்புதீனுக்கு முகம் மாறிவிட்டது. இத்தனை வருடத்தில் யாரும் காதைப் பற்றிச் சொன்னதில்லை.

"தண்ணி தெளிக்கிறவன்?"

"இவனேதான் தெளிக்கிறான். அண்ணி... அழுதுக்கிட்டே தெளிக்கிறான்."

சர்ர்... சர்ர்...

முற்றத்தில் யாரோ பெருக்கும் சத்தம். வஹீதா எட்டிப் பார்த்தாள். ஒருவரும் இல்லை. மே மாத வெயிலில் ஈர மண் வாசனை மட்டும் குப்பென்று வந்தது.

"விரிப்பு?" என்றார் குத்புதீன்.

"கையில ஒண்ணும் இல்ல. சுத்திச் சுத்தித் தேடுறான்..."

ஜஹானாரா தலையை நிமிர்த்தினாள். மூலையைப் பார்த்தாள்.

"அந்தப் பாயைக் கேக்குறான், அண்ணி."

"குடுத்துடும்மா," என்றாள் ரோஷன் பேகம்.

வஹீதா ஓடிப்போய்ப் பாயைக் கட்டிக்கொண்டாள்.

"தர மாட்டேன்! அவங்க வந்துதான் இதுல படுக்கணும்!"

முற்றத்தில் பெருக்கும் சத்தம் நின்றது.

மணி ஒன்று ஐந்து. குத்புதீன் பையையும் செருப்பையும் விட்டுவிட்டு ஓடினார்.

ஆடி மாதக் கடைசியில் ஒருநாள் காலை பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. ரோஷன் பேகம் திறந்தாள். அவளுக்குப் பின்னால் கைக்குழந்தையோடு நின்ற ஜஹானாரா வீலென்று அலறினாள்.

வந்தவருக்கு இடது காது பாதிதான் இருந்தது.

பெயர் நிஜாமுதீன் என்றார். இந்த ஊருக்கு இதுதான் முதல் தடவை. வஹீதா கதவுக்குப் பின்னால் மறைந்து நின்றாள். வாயைத் திறக்கவில்லை.

"நானும் மீரானும் ஒண்ணா நடந்து வந்தோம்மா. காய்ச்சல். மே மாசம், எட்டாம் தேதி, உச்சி வேளையில உசுரு போயி மௌத்தாயிட்டாரு. கூட வந்தவங்க முன்னாடி போயிட்டாங்க. நான் ஒருத்தன்தான். இடத்தைப் பெருக்கினேன். தூசி அடங்கத் தண்ணி தெளிச்சேன். மையித்தைக் கிடத்த ஒரு பாய் இல்ல. 'யாராவது ஒரு பாய் குடுங்களேன்'னு காட்டைப் பார்த்துக் கத்தினேன்..."

"அப்புறம்?" என்றாள் ரோஷன் பேகம்.

"சுத்தி ஒரு ஈ காக்கா இல்ல. ஆனா ஒரு பொம்பளைக் குரல் பதில் சொல்லுச்சு. வெறும் மண்ணுலதாம்மா கிடத்தினேன்."

வஹீதாவால் அடக்க முடியவில்லை.

"என்ன... என்ன சொல்லுச்சு?"

நிஜாமுதீன் இரண்டடி பின்னால் நகர்ந்தார். கதவையே பார்த்தார்.

"இந்தக் குரல்தான்," என்றார்.