மூட்டையில் வரும் மகள்

திண்டிவனம் புறவழிச்சாலையில், தேநீர்க் கடை முன்பு எங்கள் பேருந்து நிற்கிறது. பக்கத்தில் ஒரு லாரி. அதில் ஒரு தாய் யானை. வேறோர் உயிரியல் பூங்காவில் இருக்கும் மகளுடன் சேர்ந்து வாழ அவளைக் கொண்டுபோகிறார்கள். இடநெருக்கடி என்று சொல்லி முன்பு இருவரையும் பிரித்த அதே நிர்வாகம், 'குடும்ப சங்கமம்' என்று இப்போது லாரியில் பேனர் கட்டியிருக்கிறது. பேனர் முழுக்க அதிகாரிகளின் படங்கள். யானையின் படத்துக்கு அங்கேயும் இடநெருக்கடி.

ஆசீர்வாதம் கேட்டுத் தலையை நீட்டுபவர்களை விரட்டிவிட்டு, பராமரிப்பாளர் ஒரு சாக்கு மூட்டையை அவிழ்க்கிறார். நாற்றம் கடைவரை வருகிறது. அதிகாரிகள் காரில் முன்னால் போய்விட்டார்களாம். குடும்ப வாசனையோடு பயணம் செய்ய அவர்களுக்கு ஒப்பவில்லை போலும்.

"என்னங்க இது?" என்கிறேன்.

"பொண்ணு போட்ட லத்திங்க மேடம். மோந்து பழகிக்கினா, நேர்ல பாக்கசொல்ல முட்டிக்காதுங்க. கெளம்பனதுலேந்து அம்மாக்காரி இதத் திரும்பிக்கூடப் பாக்கல, பேஜாரா கீது. ரெண்டும் சண்ட போட்டுக்கினா மறுபடியும் தனித்தனிதான்."

ஓர் உருண்டையைத் தாயின் முன்னால் வைக்கிறார். அவள் அதைத் துதிக்கையால் மெல்லப் புரட்டுகிறாள். துதிக்கை நுனியை வாய்க்குள் கொண்டுபோகிறாள். அசையாமல் நிற்கிறாள். பிறகு மிகத் தாழ்ந்த உறுமல் ஒன்று எழுகிறது. காதுக்கு எட்டும் முன்பே, லாரிப் பலகையில் ஊன்றியிருக்கும் என் உள்ளங்கையில் அது அதிர்கிறது.

தேநீர்க் கோப்பையோடு லாரி ஓட்டுநர் பதறி ஓடிவருகிறார்.

"எவன்டா வண்டிய ஸ்டார்ட் பண்ணது? சாவி என்னாண்ட கீதே!"

பராமரிப்பாளர் இன்னோர் உருண்டையை எடுக்க மூட்டைக்குள் கைவிடுகிறார்.