சந்தனப் பொட்டு வைத்த வேன்

நான் வாங்கிய முதல் வண்டியை நினைத்தால் இன்றும் எனக்கு வாயில் கசப்பு நீர் ஊறுகிறது. அந்த வண்டியின் மேல் உள்ள அருவருப்பு பாதிதான். மீதிப் பாதி, அதைப் பொறுக்கி எடுத்த என் மூக்கின் மேல்.

எங்கள் ஊர் அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. பட்டாளத்து மோட்டார் ஷெட்டில் தொழில் படித்துவிட்டு வந்த நான், நாகர்கோவிலில் ஒரு பட்டறையில் கார் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவுவது என்றால் வாளித் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டுப் போவது அல்ல. ஒட்டிய தாரை மண்ணெண்ணெய் தொட்டு எடுத்து, மெழுகு தேய்த்து, விளக்கு வளையங்களுக்குப் பாலிஷ் போட்டு, தோல் இருக்கைகளை விளக்கெண்ணெய்த் துணியால் துடைத்து, கார்க்காரர் தன் மீசையைப் பார்த்து ஒதுக்கிக்கொள்ளும்படி ஆக்கித் தருவேன். பெயரெல்லாம் பட்டறை முதலாளிக்கு. எனக்கு அவர் வாயிலிருந்து விழும் வசவு.

அருமனைக்கு மேலே ரப்பர் எஸ்டேட் வைத்திருந்த ஒருவரிடம் மூன்று கார்கள் இருந்தன. அவருடைய வேலையாட்கள் செம்மண் ஒட்டிய கந்தலால் தேய்த்துத் தேய்த்து மூன்றிலும் கீறல் விழுத்தியிருந்தார்கள். கோடையில் அங்கே கிணறும் வற்றிவிடும். “நீ ஒரு மூடின வேன்ல தண்ணியும் சாமானும் கொண்டு மேல வா. மூணு காரையும் கழுவுக வேல ஒனக்காக்கும். பேச்சிப்பாறை வரைக்கும் உள்ள எஸ்டேட்டுக்காரங்ககிட்டயும் சொல்லியேன்” என்றார்.

அன்றைக்கே பட்டறை முதலாளியின் மேஜையில் துடைக்கும் துணியைப் போட்டுவிட்டு, “இனி உம்ம வாசல மிதிக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரு சின்ன வேன் நன்றாக அமைந்தால் நான் என் காலில் நிற்பேன். அமையாவிட்டால் மறுபடி அந்த வாசலில்தான் போய் நிற்க வேண்டும்.

வண்டி பார்க்க மச்சானைக் கூட்டிக்கொண்டேன். என் மனைவியின் தம்பி, பஸ் ஷெட்டில் மெக்கானிக். முதல் வேன் குளச்சலில் ஒரு மீன் வியாபாரியுடையது. கழுத்தில் ஜெபமாலை போட்ட கறுத்த மனிதர். நாங்கள் கேட்பதற்கு முன்பே பின்கதவைத் திறந்து வைத்தார்.

“உள்ளதச் சொல்லியேன் அண்ணாச்சி, மீனு ஏத்துன வண்டியாக்கும். அடியில தகடு அடிச்சிருக்கு. தெனமும் கெணத்துத் தண்ணி விட்டுத்தான் கழுவுவோம். கடல் தண்ணி பட விடமாட்டோம், துருப்பிடிக்கும்லா?”

மச்சான் வண்டிக்கு அடியில் படுத்து எழுந்தான், இன்ஜினை ஓட்டிப் பார்த்தான். “அருமையான வண்டி அத்தான்” என்றான். நான் கதவுக்கு ஒரு கஜம் தள்ளியே நின்றேன். காற்றில் லேசான உளும்பு வாடை வந்தது, மீன் கழுவிக் கவிழ்த்த சட்டியில் வருமே, அவ்வளவுதான். நான் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். பொத்தியபடியே என்ன மீன், கருவாடும் உண்டா, எத்தனை வருஷமாக என்று போலீஸ்காரன் மாதிரி கேள்வி கேட்டேன். அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். “ஏறி மோந்து பாருங்க அண்ணாச்சி” என்றார் கடைசியில். நான் ஏறவில்லை. அவர் என் துண்டையே பார்த்துக்கொண்டு கதவைச் சாத்தினார்.

அன்று மத்தியானம் வீட்டில் சாளைக் குழம்பு. மீன் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. முள்ளைச் சப்பிப் போட்டுவிட்டு, “மீன் வண்டி நமக்குச் சரிப்படாது” என்றேன். மச்சான் சிரித்தான். “வயித்துக்குள்ள போவலாம், வண்டிக்குள்ள போவப்பிடாது. அப்படித்தான அத்தான்?”

இரண்டாவது வேன் ஒரு பெரியவருடையது. தெருவில் அவர் நடந்தால் நாலு பேர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். வீட்டில் சைவம், நெற்றியில் பட்டை. நாங்கள் போகும்போது வேன் புதுப்பெண் மாதிரி நின்றிருந்தது. முகப்பில் சந்தனப் பொட்டு, செவ்வந்தி மாலை. உள்ளே புதுப் பலகை போட்ட தரை, கண்ணைக் கரிக்கும் சாம்பிராணிப் புகை. நான் ஏறி நின்று நெஞ்சு நிறைய இழுத்தேன். சன்னதிக்குள் நிற்பது போலிருந்தது.

“கோயிலுக்கு வாழக்குலையும் பூவும் கொண்டு போன வண்டியாக்கும்” என்றார் பெரியவர். “நடுநடுவுல தோப்புக்கு உரம் கிரம் போயிருக்கும்.”

மச்சான் திருப்புளியை எடுத்துப் பலகை ஒன்றைத் தூக்கிப் பார்க்கக் குனிந்தான். நான் அவன் கையைப் பிடித்து இழுத்தேன். “பெரியவங்க முன்னால என்ன வேல இது?” குளச்சலில் அத்தனை கேள்வி கேட்ட வாய், இங்கே கும்பிட்டுக்கொண்டு நின்றது. யோக்கியன் வருகிறான், சொம்பை எடுத்து உள்ளே வை என்று சொல்லி வளர்ந்த ஊர்தான் எங்களுடையது. நெற்றியில் பட்டையைப் பார்த்ததும் அந்தப் பழமொழி மறந்துவிட்டது. நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, தேங்காய் உடைத்து, வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

முதல் நாள் எஸ்டேட்டுக்கு ஏறும்போது வளைவுக்கு வளைவு பீப்பாய்த் தண்ணீர் தளும்பித் தரையெல்லாம் ஓடியது. துணிகளும் பஞ்சும் அந்த ஈரத்திலேயே கிடந்தன. மேலே போய்க் கதவைத் திறந்தபோது குப்பென்று ஒரு நாற்றம் அடித்தது. பெருச்சாளி ஏதோ செத்திருக்கும் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டு, கதவிடுக்கில் இரண்டு ஊதுவத்தியைச் செருகிவிட்டு வேலையைத் தொடங்கினேன். அதை நினைத்தால்தான் எனக்கு என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது. மூக்கு சொன்னது. நான் கேட்கவில்லை.

பெரிய காரைக் கண்ணாடி மாதிரி ஆக்கினேன். எஸ்டேட்காரரின் மனைவி கல்யாண வீட்டுக்குப் போகப் பட்டுடுத்தி வந்து ஏறினார். கதவைச் சாத்திக் கொஞ்ச நேரங்கூட ஆகவில்லை. மறுபக்கக் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, பூச்செடி ஓரம் குனிந்து வாந்தி எடுத்தார்.

“எதக் கொண்டுடே சீட்டத் தொடச்ச? செத்த மாட்டக் கொண்டா?” என்று அந்த அம்மாள் நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கத்தினார்.

காருக்குள் தலையை விட்டேன். இருக்கையெல்லாம் அந்த நாற்றம். என் துணி தேய்த்த இடமெல்லாம் நாறியது. எஸ்டேட்காரர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு, “எறங்கிப் போ. இனி மேல வராண்டாம்” என்றார். மற்ற இரண்டு கார்களின் பக்கம் நான் போகவே இல்லை.

வீட்டு முற்றத்தில் மச்சான் பலகைகளைப் பெயர்த்தான். அடியில் பழைய பலகை, அதன் இடுக்கெல்லாம் சாம்பல் நிறத்தில் ஒரு சேறு. அதில் எலும்புச் சில்லுகள், ஒரு குளம்புத் துண்டு, நெளியும் புழுக்கள். “எலும்புப் பொடி அத்தான். தென்னைக்கு வைக்கது. காஞ்சு கெடந்தா தெரியாது, நனஞ்சாப் போச்சு” என்றான். பலகை மட்டுமல்ல, கீழே சட்டமும் அரித்துப் போயிருந்தது. ஏழு தடவை கழுவினோம். கழுவக் கழுவ அந்த நாற்றம் இன்னும் விழித்துக்கொண்டது.

நியாயம் கேட்டுப் போனபோது பெரியவர் தன் வீட்டுப் படியிலிருந்து இறங்கவில்லை. “உரம் போச்சுன்னு அன்னைக்கே சொன்னேனா இல்லியா? என்ன உரம்னு நீ கேட்டியா?” என்றார். பிறகு முகத்தைச் சுளித்து, “கொஞ்சம் தள்ளி நில்லு மக்கா, ஒம்மேல நாறுது” என்றார்.

பட்டறை வாசலுக்குப் போவதற்கு முன் ஒரே ஒரு இடம் பாக்கி இருந்தது. வேனை ஓட்டிக்கொண்டு குளச்சலுக்குப் போனேன். அந்த மீன் வியாபாரியின் வேனை ஒரு ரொட்டிக் கடைக்காரர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். மலைக்கு மேலே எஸ்டேட்டுகளுக்கெல்லாம் இப்போது அதில்தான் ரொட்டி போகிறதாம். சரி, என் வண்டியையாவது எடுத்துக்கொள்ளுங்கள், மீன் ஏற்றத்தானே, இந்த நாற்றம் உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றேன். அப்படியேதான் சொன்னேன். புத்தி அப்போதும் வந்திருக்கவில்லை.

அவர் கோபப்படவில்லை. பின்கதவைத் திறந்தார், நான் செய்யாததைச் செய்தார். உள்ளே ஏறினார், முட்டி போட்டுக் குனிந்து மோந்தார். இறங்கி வந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“இதுல மீனு ஏத்த முடியாது அண்ணாச்சி” என்றார். “மனுசன் திங்குற சாதனமாக்கும் அது.”