தயிர்ச்சட்டித் துண்டில் ஒரு பெயர்

கொட்டாஞ்சேனையில் நான் உயர்தரம் படித்தபோது கிரேக்க உரோம நாகரிகம் எடுத்தவர்கள் ஒன்பதே ஒன்பது பேர். ஒன்பது பெண்பிள்ளைகளுக்கு ஒரு மூலை வகுப்பறை, ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்துக் கிரேன்கள். அடடா, அப்படி ஒரு ராச்சியம் இந்த வெள்ளவத்தை பிளாட்டில் எனக்கு எங்கே கிடைக்கப்போகிறது!

மக்களாட்சி பிறந்த கதையை அந்த அறையில்தான் படித்தோம். ஏதென்ஸ்காரர் ஒரு குன்றில் கூடி, கையுயர்த்திச் சட்டம் போட்டார்களாம். ஒருவன் அளவுக்கு மீறி வளர்ந்துவிட்டான் என்று பட்டால், உடைந்த சட்டித் துண்டுகளில் அவன் பெயரைக் கீறிப் போட்டு, குற்றம் ஒன்றும் சொல்லாமலே பத்து வருடம் நாடு கடத்துவார்களாம். கேட்டதும் எங்களுக்கு விசர் பிடித்துவிட்டது. திங்கட்கிழமை காலையே நான் வீட்டிலிருந்து ஒரு வெறும் தயிர்ச்சட்டியைக் கொண்டுவந்து உடைத்தேன். கூடுதலாகப் பெயர் வருகிறவள் ஒரு கிழமைக்கு எங்களோடு சாப்பிடக்கூடாது. அதுதான் தண்டனை.

வகுப்பு மொனிட்டருக்குத்தான் விழும் என்று எல்லாரும் பேசிக்கொண்டோம். நானோ கணிதப் பெட்டிக் கவராயத்தின் முனையால் என் உயிர்ச் சிநேகிதியின் பெயரைக் கீறினேன். அந்த வெள்ளிக்கிழமையோடு அவள் பள்ளிக்கூடத்தை விட்டுக் குடும்பத்தோடு கனடா போகிறாள். எங்களுக்கு மிஞ்சியிருந்தது அந்த ஐந்து நாள்தான். விசா வந்த செய்தியை அவள் சிரித்துச் சிரித்துச் சொன்னது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போகிறவள் இப்பவே போகட்டுமே!

எண்ணிப் பார்த்தால் மொனிட்டருக்கு நாலு, அவளுக்கு ஐந்து. கனடா எரிச்சல் எனக்கு மட்டும் இல்லைப் போலும்.

அவள் சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் போய் இருந்தாள். திங்கள், செவ்வாய், புதன், வியாழன். "வாடி, பகிடிக்குத்தானே" என்று ஒரு சொல் நான் சொல்லியிருக்கலாம். வீம்பு விடவில்லை.

வெள்ளி மதியம் தாங்கமுடியாமல் போய் அவள் பக்கத்தில் இருந்தேன்.

"உன்ர எழுத்து எனக்குத் தெரியாதே? ஏன்டி என்ர பேரை எழுதினனீ?" என்றாள்.

"நீ சந்தோஷமாப் போறாய் எண்ட கோவத்திலதான்டி."

"ஆர் சொன்னது சந்தோஷமெண்டு?" அவள் கண் நிறைந்துவிட்டது. "வீட்டில ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லை. நீயும் கேக்கேல்லை."