மகளுக்குப் பின்னால் ஒரு நடை

மகள் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கிய செப்டம்பரில்தான் எனக்கு நடைப்பைத்தியம் பிடித்தது. இந்த வெள்ளைக்கார நாட்டில் பதினொரு வயதானால் பிள்ளைகள் தனியாகப் போய் வருவார்கள். வாசலில் தாய் காத்து நின்றால் மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்களாம். "நான் தனிய வருவன், நீங்கள் வரவேண்டாம்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். சரி பிள்ளை என்றேன். வாய்தான் சொன்னது, கால் கேட்கவில்லை.

பள்ளிக்கூடம் விடும் நேரம் நெருங்கினால் எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது. அடுப்பைக் கூட்டுவேன், குறைப்பேன், யன்னலுக்குப் போவேன், வருவேன். பிறகு கோட்டைக் கொழுவிக்கொண்டு இறங்கிவிடுவேன். பள்ளிக்கூடத்துக்கு எதிரே, தெருமுனையில் ஒரு பெரிய மரம். அதன் பின்னால் நின்று, அவள் வெளியே வந்ததும் நல்ல இடைவெளி விட்டுப் பின்தொடர்வேன். எங்கள் தெரு வந்ததும் பின் ஒழுங்கையால் ஓடி, அவள் மணி அடிப்பதற்குள் வீட்டுக்குள் நிற்பேன்.

"ஏனம்மா இப்பிடி வேர்க்குது?"

"சமையல்."

தமிழாக்கள் நிறைந்த எங்கள் குட்மேய்ஸ் தெருக்களில் தெரிந்தவர் கண்ணில் படாமல் நடக்கவும் ஏலாது. ஞாயிறு தேவாலயப் பூசையில் எனக்குப் பக்கத்து வாங்கில் இருக்கும் அக்கா ஒருநாள் பிடித்துவிட்டார். "என்ன தங்கச்சி, ஒவ்வொரு நாளும் இந்தப் பக்கம்?"

"சுகருக்கு நடக்கச் சொல்லி டொக்டர் சொன்னவர், அக்கா."

எனக்குச் சுகரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அடுத்த ஞாயிறு ஒரு பை நிறையப் பாகற்காயோடு வந்து நின்றார். வாங்கிக்கொண்டு போய்ப் பொரித்தேன், வேறென்ன செய்ய?

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் இலை உதிர்வதை நான் ஒழுங்காகப் பார்த்ததில்லை. பஸ் யன்னலால் பார்த்ததெல்லாம் ஒரு பார்வையா? முதலில் ஓரம் மட்டும் மஞ்சளாகி, பிறகு ஒரு காற்றோடு பாதி மரம் நடைபாதையில் கிடக்கும். வீட்டில் ஒரு கோப்பை கழுவப் பஞ்சிப்படுகிற என் மகள், அந்தக் குவியல்களை ஒன்று விடாமல் காலால் உழுதுகொண்டு போவாள். கொங்கர் மரத்தடியில் குனிந்து, மினுங்கும் கொட்டைகளாகப் பொறுக்கிப் பையில் போடுவாள். சாப்பிட உதவாத கொட்டைக்கு அவ்வளவு ஆசை. தோழிகள் பிரிந்து போனதும் மதில்களைத் தடவியபடி தனக்குள் பாடிக்கொண்டு நடப்பாள். கையைப் பிடித்துக் கூட்டிவந்த காலத்தில் இந்தப் பிள்ளையை நான் கண்டதேயில்லை. பார்க்கச் சந்தோசமாகவும் இருந்தது, கவலையாகவும் இருந்தது.

"உமக்கு விசரே?" என்றார் கணவர். "பிள்ளை கண்டால் அதுக்கு வெக்கக்கேடு."

கண்டாள். மழை விட்ட ஒரு நாள், ஈர இலையில் வழுக்கி நடைபாதையில் தொப்பென்று விழுந்தேன். முன்னால் போன மூன்று பெட்டைகளும் திரும்பினார்கள். தோழி ஒருத்திதான் ஓடிவந்து தூக்கிவிட்டாள். என் மகள் அசையாமல் நின்று, பிறகு மெல்லிய குரலில் ஆங்கிலத்தில், "இது என் அம்மா" என்றாள். முகம் சிவந்து கிடந்தது.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தாள். "எல்லாரும் தனியத்தானே வருகினம்! என்னை நம்பமாட்டியளோ?"

"உன்னை நம்பிறன். ரோட்டைத்தான் நம்பேலாது."

"அம்மா!"

"சரி, சரி. இனி வரமாட்டன்."

அடுத்த நாளே இலையுதிர்கால விடுமுறை தொடங்கியது. மூவருமாகப் பூங்காவில் நடந்தோம். அவள் பொறுக்கியதெல்லாம் தகப்பனின் சட்டைப்பைக்குள் போனது. அந்த ஒரு வாரம் எனக்கு நிம்மதி. விடுமுறை முடிவதற்குள், குளிர்காலத்துக்கென்று நாடு முழுக்க மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னால் தள்ளிவைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் திறந்த முதல் நாளே அவளுக்கு விளையாட்டுப் பயிற்சி. அவள் வெளிக்கிடும் நேரத்துக்கே இருட்டிவிடும்.

அன்று தெருவெல்லாம் வாணவெடி. இங்கே நவம்பர் பிறந்தால் அப்படித்தான். ஊரில் சண்டைக்காலத்தில் வெடிச் சத்தம் கேட்டால் அம்மா உடனே எங்களை எண்ணிப் பார்ப்பா. அந்தப் பழக்கம் எனக்கும் தொற்றியிருக்கிறது. எனக்கு எண்ணுவதற்கு ஒருத்திதான், அவளும் வெளியே. கோட்டைப் போட்டுவிட்டேன்.

"வாக்குக் குடுத்தனீர். இரும்" என்றார் அவர்.

மாடிப்படியின் கடைசிப் படியில் கோட்டோடு இருந்தேன். எழும்பினேன், இருந்தேன். கதவின் கண்ணாடியில் ஒரு நிழல் தெரிந்ததும் மணி அடிக்கமுதல் திறந்தேன். புத்தகப்பையை எறிந்தாள். கண் கலங்கியிருந்தது.

"ஏன் வரேல்லை?"

எனக்கு விளங்கவில்லை. "நீதானே பிள்ளை வரவேண்டாம் எண்டனீ?"

"ஓம், சொன்னனான்தான். ஆனா எப்பவும் அந்த மரத்துக்குப் பின்னாலை நிப்பியள்தானே? இண்டைக்கும் நிப்பியள் எண்டு பாத்தன். வழி முழுக்கத் திரும்பித் திரும்பிப் பாத்தன். நீங்கள் இல்லை."

எப்பவும் என்றால்? எப்போதிருந்து? திரும்பவும் படியில் இருந்துவிட்டேன். அவள் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு இருந்து, விறைத்த கையை என் கோட்டுப் பைக்குள் விட்டாள். வெளியே இன்னொரு வாணம் வெடித்தது. இருவரும் திடுக்கிட்டோம்.

"நாளைக்கு வாங்கோ" என்றாள். "ஆனா தூரத்திலை வாங்கோ."